ஆட்டோவை அணை, பாட்டைப் போடு

தை மாதம் இரண்டாவது வாரம், காலை ஆறே முக்கால். வெள்ளாற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குச் சற்றுக் கீழே, கரையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர், மூன்று போன், இரண்டு பறை, ஐந்து பிள்ளைகள். ஆறாவது ஆளாக நான். என் வேலை ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நடப்பது.

என் அக்கா மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் புராஜெக்ட்டாக மூன்று நிமிடத்துக்குள் ஒரு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும். பாட்டு சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், கேமரா அவரவர் பாடு. பத்திரிகைகளில் போன் விமர்சனம் எழுதுகிற மாமா ஊரில் இருக்கிறார், அவரிடம் ஸ்கூட்டரும் இருக்கிறது என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது தகுதிதான் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

ஆகவே இது ஒரு போனைப் பற்றிய விமர்சனம் அல்ல. காசு கொடுக்காமல் கிடைக்கிற நாலைந்து செயலிகளையும், பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு வாங்கி இரண்டு வருடம் உழைத்த ஓர் ஆண்ட்ராய்டு போனையும், அதைவிடப் பழைய ஒரு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முழுசாக எடுத்து முடிக்க முடியுமா என்று பார்த்த கதை. முடியும். ஆனால் ஒரு நிபந்தனை: எங்கெல்லாம் 'ஆட்டோ' என்று போட்டிருக்கிறதோ அதையெல்லாம் தேடித் தேடி அணைக்க வேண்டும். குறுக்கு ரோட்டில் நிற்கிற ஷேர் ஆட்டோவைச் சொல்லவில்லை.

முதலில் பாட்டு எதைப் பற்றி என்பதில் ஒரு வாரம் போயிற்று. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, பழுப்பு நிலக்கரியைப் பாடலாம் என்றான் ஒருவன். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர் ஒருத்தியின் அப்பா. இன்னொருவனின் சொந்தக்காரர்களுக்கு வளையமாதேவிப் பக்கம் நிலம். 2023 ஜூலையில் அங்கே நெற்பயிர் நின்ற வயலில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை அவன் இன்னும் மறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே டீமில். சத்தம் வந்தது, பேச்சு நின்றது, பிறகு சமாதானம் ஆயிற்று. கடைசியில் தண்ணீரைப் பாடுவதாக முடிவு. வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குத் தண்ணீர் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர், தூரம் 200 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் குழாயோடு பேசுகிற ஒரு பெண் பிள்ளையின் பாட்டு. 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவனும் குதிரையும் வேண்டாம் என்பதையும் அன்றே தீர்மானித்துவிட்டார்கள். வீராணம் என்றாலே அவன் குதிரையில் வந்துவிடுகிறான் என்று பயம்.

முன்மாதிரிக்கு இரண்டு வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒன்று 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. அதன் செட்டும் ஆடையும் நம் பட்ஜெட்டில் ஒரு நாள் சாப்பாட்டுக்குக்கூடக் கட்டுப்படியாகாது. இன்னொன்று 2017-இல் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. எண்ணூர்க் கழிமுகமும் அனல்மின் நிலையச் சாம்பலும்தான் அதில் செட்டு. பாடுகிறவர் ஊரின் நடுவே நிற்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான தேர்வு.

இனி கருவிகள்.

மாணவர் மியூசிக் வீடியோ என்றதும் எல்லாரும் கேமராவில் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை மெகாபிக்சல், 4கே எடுக்குமா, கிம்பல் வாடகைக்குக் கிடைக்குமா என்றுதான் கேள்வி. என் அனுபவத்தில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார், பாட்டு இரைச்சலாக இருந்தால் இருபதாவது வினாடியில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அதனால் பாட்டை முழுசாகப் பதிந்து, மிக்ஸ் செய்து, இனி ஒரு நொடியும் மாறாது என்ற பிறகுதான் கேமராவைத் தொட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தமிழ் சினிமாவே பின்னணிப் பாட்டு நிலைபெற்ற பிறகு இப்படித்தான் வேலை செய்கிறது: பாட்டு முன்னால், வாயசைப்பு பின்னால்.

பதிவுக்கு எடுத்துக்கொண்டது பேண்ட்லேப். சிங்கப்பூர் நிறுவனத்தின் இலவசச் செயலி. ஒரு டிராக்கின் மேல் இன்னொரு டிராக்காக அடுக்கிப் பதியலாம். நான்கு பேர் நான்கு ஊரில் இருந்தபடி ஒரே புராஜெக்ட்டைத் திறந்து வேலை செய்யலாம். ஒருத்தி புவனகிரியில், ஒருத்தன் வடலூரில் என்று இருக்கிற டீமுக்கு இது பெரிய வசதி. கோப்பை அனுப்பு, எந்தக் கோப்பு, புதுசா பழசா என்ற ரகளை பாதியாகக் குறைந்தது.

முதல் நாள் பதிவு மொத்தமும் வீண். காரணம் செயலி இல்லை, காதில் மாட்டியிருந்த புளூடூத் இயர்பட்ஸ். புளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேரவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாகலாம். பாடுகிறவள் தாளத்தைத் தாமதமாகக் கேட்டு, அதற்கேற்பத் தாமதமாகப் பாடினாள். மூன்று டிராக் அடுக்கியதும் கோயில் திருவிழாவில் நான்கு குழாய் ஸ்பீக்கர் நான்கு திசையில் ஒலிப்பது போல் ஆகிவிட்டது. ஒயர் போட்ட ஹெட்போனுக்கு மாறி, செயலியிலேயே இருக்கிற தாமதச் சரிசெய்தலையும் ஒருமுறை ஓட்டிய பிறகு ஒழுங்குக்கு வந்தது. ஒயர் ஹெட்போனுக்கு ஊரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். இப்போது யாரும் வாங்குவதில்லையாம்.

குரல் பதிய நல்ல இடம் எது? ஸ்டுடியோ கிடையாது. வீட்டு ஹாலில் மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் குரலைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டன. தோழி ஒருத்தியின் வீட்டில் சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை ஓர் அறையில் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். உள்ளே நின்று ஒரு கைதட்டு தட்டிப் பார்த்தேன். எதிரொலி சுத்தமாக இல்லை. சாக்கும் நெல்லும் சேர்ந்து சத்தத்தைக் குடித்துவிடுகின்றன. மூட்டைகளுக்கு நடுவே பாடுகிறவளை நிறுத்தி, 850 ரூபாய் காலர் மைக்கை ஒரு துடைப்பக் கட்டையில் கட்டி, ஃபேனை அணைத்துவிட்டுப் பதிந்தோம். வியர்வையும் நெல் சுணையும் சேர்ந்து அரித்ததில் அவள் ஒவ்வொரு டேக்குக்கும் வெளியே ஓடினாள். ஆனால் அந்தக் குரல் பதிவு, நான் முன்பு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பதிந்த சில குரல்களைவிடச் சுத்தம்.

பறைதான் சோதனை வைத்தது. வாசிக்க வந்தவர் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற மூத்த கலைஞர், கூடவே அவர் தம்பி மகன். பேண்ட்லேப்பின் மெட்ரோனோமைப் போட்டு, 'பெரியப்பா, இந்த டிக் டிக் சத்தத்தோட வாசிங்க' என்று பிள்ளைகள் கேட்டார்கள். பத்து வினாடி வாசித்துவிட்டு நிறுத்தினார்.

'இது என்னைத் துரத்துதும்மா. நான் வாசிக்கிறேன், நீங்க பின்னால வாங்க.'

அதுவே முடிவாயிற்று. மெட்ரோனோமை அணைத்தோம். அவர் அடித்த அடியே பாட்டின் அடித்தளம், அதன்மேல்தான் குரலும் கீபோர்டும் ஏறின. தொடக்கத்தைவிட முடிவில் வேகம் கூடியிருந்தது. அது பிழை இல்லை, பாட்டு சூடேறுவது அப்படித்தான்.

இன்னொன்றும் அன்று கற்றது. பறையின் தோலை நெருப்பில் காய்ச்சினால் சுருதி ஏறும், ஆற ஆற இறங்கும். காலைப் பனியில் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. 'தோலு எறங்கிப்போச்சு, காய்ச்சணும்' என்று அவர் எழுந்தபோது பிள்ளைகள் அதை ஓய்வு என்று நினைத்து டீ குடிக்கப் போனார்கள். முதல் டேக்கின் முன்பாதியையும் மூன்றாவது டேக்கின் பின்பாதியையும் ஒட்டிப் பார்த்தபோதுதான் இரண்டும் வெவ்வேறு பறை போல் ஒலிப்பது தெரிந்தது. செயலியில் சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், தகரம் தட்டியது போல் வந்தது. மறுபடி வைக்கோல் கொளுத்தி, காய்ச்சிய கையோடு முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிந்தோம். இந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது. வைக்கோல்தான் செய்யும்.

போன் மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் ஏறினால் குறைக்கவும் குறைந்தால் ஏற்றவும் போன் தானாகவே முயலும். பேச்சுக்கு அது நல்லது. பறைக்கு அது விஷம். ஓர் அடி விழுந்ததும் போன் பயந்துபோய் ஒலியைக் குறைக்கிறது, அடுத்த நொடி மெல்ல ஏற்றுகிறது, மறுபடி அடி. கேட்டால் மூச்சிரைப்பது போல் இருக்கும். ஓப்பன் கேமரா செயலியின் அமைப்புகளில் ஒலி மூலம் என்ற இடத்தில் 'பதப்படுத்தாத' ஒலியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, எங்கள் போனில் செய்தது. கூடவே போனைப் பறைக்கு எட்டடி தள்ளி வைத்தோம். பாதிப் பிரச்சினை தூரத்திலேயே தீர்ந்தது.

நடுவில் ஒரு சபலம். பாட்டின் வரிகளைத் தட்டினால் இசை, குரல் எல்லாம் சேர்த்து அரை நிமிடத்தில் முழுப் பாட்டே தந்துவிடும் ஏஐ செயலிகள் இருக்கின்றனவே, நாம் ஏன் நெல் மூட்டைக்குள் வேக வேண்டும் என்றான் ஒருவன். ஒன்றில் போட்டுப் பார்த்தோம். வந்தது. மெட்டு குறை சொல்ல முடியாதபடி இருந்தது, அதுதான் அதன் குறையும். எந்த ஊரிலும் பாடலாம். 'ஏழு' என்பதை 'ஏலு' என்றும் 'வெள்ளாறு' என்பதை 'வெல்லாறு' என்றும் அந்தக் குரல் இழுத்ததைக் கேட்டு அக்கா மகளின் பாட்டி, 'யாரு இவ, பல்லு கட்டியிருக்காளா?' என்றாள். 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி. அது வேறு விஷயம், யாருடைய குரல் என்று தெரியும். இங்கே குரலுக்கு உரியவர் யார் என்றே தெரியாது. புராஜெக்ட்டில் சொந்தப் பாட்டு என்று கையெழுத்துப் போட வேண்டும். விட்டுவிட்டோம்.

படப்பிடிப்புக்கு ஓப்பன் கேமரா. விளம்பரம் இல்லை, காசு இல்லை, திறந்தநிலை மென்பொருள். திரையின் தோற்றம் அழகு என்று சொல்ல மாட்டேன், பழைய டிவி ரிமோட் போலப் பொத்தான்கள். ஆனால் வெளிச்சம், வண்ணச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் பூட்டி வைக்கலாம். போனோடு வருகிற கேமராவில் முதல் ஷாட் எடுத்தபோது, பாலத்தில் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று போனது. எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவம். லாரி திரையைக் கடந்த அந்த மூன்று வினாடியில் போன் 'அடடா, இருட்டாகிவிட்டது' என்று வெளிச்சத்தை ஏற்றியது, லாரி போனதும் இறக்கியது. பாடுகிற பிள்ளையின் முகம் கறுத்து வெளுத்து மறுபடி கறுத்தது. ஓப்பன் கேமராவில் வெளிச்சத்தைப் பூட்டிய பிறகு பத்து லாரி போனாலும் முகம் முகமாக நின்றது.

வகுப்பறைக் காட்சியில் வேறு சங்கடம். டியூப் லைட் வெளிச்சத்தில் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு விழும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று கையால் வைத்தால் தீர்ந்தது. இதற்கும் ஆட்டோவை அணைக்கத்தான் வேண்டும். போன் இடம் கொடுத்தால் வைக்கலாம், சில மலிவுப் போன்கள் கொடுப்பதில்லை. வாங்குமுன் யாரும் இதைச் சோதிப்பதில்லை.

4கே எடுக்கவில்லை. சாதாரண 1080-இல் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி. 4கே என்றால் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். 64 ஜிபி போனில் பாதியை வாட்ஸ்ஆப் காலை வணக்கப் படங்கள் பிடித்திருந்தன. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் லென்ஸைத் துடைத்தோம். வேட்டி நுனி போதும். இருபதாயிரம் ரூபாய் லென்ஸ் செய்யாத வித்தியாசத்தை அது செய்யும்.

இப்போது ஸ்பீக்கர். பதிவில் எதிரியாக இருந்த புளூடூத் தாமதம் படப்பிடிப்பில் ஒன்றுமே செய்யவில்லை. பாடுகிறவள் ஸ்பீக்கரில் கேட்பதற்கு வாயசைக்கிறாள், கேமராவும் அதே ஸ்பீக்கரின் சத்தத்தைத்தான் பதிகிறது. இரண்டும் சேர்ந்தே தாமதமானால் தாமதமே இல்லை. ஆனால் பாலத்தின் நீளத்தில் எடுத்த ஷாட் எங்களைத் திணறடித்தது. பாடுகிறவள் ஒரு முனையில், ஸ்பீக்கர் அவள் காலடியில், கேமரா எழுபது மீட்டர் தள்ளி. எடிட்டிங்கில் கேமராவின் ஒலி அலையையும் அசல் பாட்டின் அலையையும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினோம். அப்படியும் வாய் முதலில் திறக்கிறது, சத்தம் பிறகு வருகிறது. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு இயற்பியல் ஞாபகம் வந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர். எழுபது மீட்டரைக் கடக்க 0.2 நொடி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஆறு ஃபிரேம். வெளிச்சம் உடனே வந்துவிடுகிறது, பாட்டு நடந்து வருகிறது. படத்தை ஆறு ஃபிரேம் பின்னால் தள்ளியதும் உதடும் சொல்லும் ஒட்டிக்கொண்டன. பத்தாம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த ஒரே சூத்திரம் ஒரு வழியாகக் கைக்கு வந்தது.

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது ஸ்லோமோஷன் வித்தை. மெதுவாகப் பறக்கும் தாவணி, மெதுவாகத் தெறிக்கும் தண்ணீர், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒத்துப்போக வேண்டும். எப்படி? ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து, டெம்போ மாற்றத்தில் வேகத்தை இரட்டிப்பாக்கி ஒரு கோப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். சுருதி மாறாது, வேகம் மட்டும் கூடும். கேமராவை நொடிக்கு 60 ஃபிரேமில் வைத்து, அந்த வேகப் பாட்டுக்கு வாயசைக்க வேண்டும். எடிட்டிங்கில் படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு அசல் பாட்டோடு சேர்ந்துவிடும், தண்ணீர் மட்டும் மிதக்கும். இரட்டை வேகத்தில் சோகப் பாட்டுக்கு வாயசைத்த பிள்ளையைப் பார்த்து, கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை விட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார். ஐந்தாவது டேக்கில்தான் சிரிக்காமல் முடித்தாள்.

ட்ரோன் ஷாட் வேண்டும் என்று கெஞ்சினார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனை ஓட்ட உரிமம் தேவையில்லை. ஆனால் எடை குறைவு என்பதற்காக எங்கும் பறக்கவிட முடியாது. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அதுவும் மின் நிலையங்கள் இருக்கிற இந்த வட்டாரத்தில், கல்யாண வீடியோக்காரரின் ட்ரோனை இரவல் வாங்கி ஏற்றுவது மடத்தனம். ஒரு வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

எடிட்டிங்கை முதலில் போனிலேயே ஆரம்பித்தார்கள். 2020-இல் மத்திய அரசு சீனச் செயலிகளைத் தடை செய்ததில் டிக்டாக்கோடு விவாவீடியோவும் போன பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு செயலிக்குப் போய்விட்டார்கள். கைன்மாஸ்டர் அடுக்கடுக்காக வேலை செய்யத் தோதானது, இலவசப் பதிப்பில் அதன் முத்திரை விழும். விஎன் முத்திரை இல்லாமல் தருகிறது, பாட்டின் தாளத்தில் விரலால் தட்டித் தட்டிக் குறி வைத்துக்கொண்டு அந்தக் குறிகளில் வெட்டலாம். தாளத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டித் தருகிற வார்ப்புருக்கள் பக்கம் போகாதீர்கள். மெட்ரோனோமுக்கு அடங்காத பறைக்கு அவை எங்கெங்கோ வெட்டுகின்றன. நாங்கள் விரலால் தட்டினோம். மூன்று மணி நேரம். முதல் வெட்டு, அதாவது ஷாட்டுகளின் வரிசை, முழுக்க விஎன்-இல் முடிந்தது. பஸ்ஸில் போகும்போதுகூட வேலை நடந்தது என்பதால் அதற்கு நல்ல மதிப்பெண்.

இன்னொரு செயலியில், பெயர் வேண்டாம், ஒருத்தி தனியாக ஒரு வெட்டு செய்தாள். இரண்டாம் நாள் இரவு திறந்தால் புராஜெக்ட் இல்லை. மறுபடி செய்தாள். அதே செயலியில் தமிழ் எழுத்துப் போட்டால் கொம்பு தனியாக, கால் தனியாக நின்றது. 'வெள்ளாறு' என்பதைக் குலைத்து உதறிப் போட்டிருந்தது. தமிழில் தலைப்பு எழுதாமல் எந்த எடிட்டிங் செயலியையும் தேர்வு செய்யாதீர்கள். முதல் நிமிடத்திலேயே 'கொ', 'கை', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள், போதும்.

கடைசி எடிட்டிங்கை மடிக்கணினிக்கு மாற்றினோம். 2011-இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அலமாரி மேல் ஒன்று இருக்கும். அப்படி டீமில் ஒருத்தியின் அக்கா காலத்தில் வந்த ஒன்று, 4 ஜிபி ராம். டாவின்சி ரிசால்வ் நல்ல மென்பொருள்தான், இலவசப் பதிப்பும் உண்டு, இந்தப் பெட்டியில் அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. ஷாட்கட் ஓடியது. முன்னோட்டத் தரத்தை 360-க்கு இறக்கி வைத்துக்கொண்டால் 4 ஜிபியிலும் நொண்டி நொண்டிப் போகிறது, முடிவாக வெளியே வரும் படம் முழுத் தரத்தில்தான் இருக்கும்.

ஷாட்கட்டில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்னக் கேள்வி. போன் வீடியோவை உள்ளே போட்டதும், இதில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது, எடிட்டிங்குக்குத் தோதாக மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். போன்கள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டே, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 29 என்றும் 30 என்றும் அலைபாயும். சிறு துண்டுகளில் தெரியாது. முழுப் பாட்டையும் ஒரே ஷாட்டில் எடுத்தால் தொடக்கத்தில் ஒட்டிய உதடு முடிவில் விலகி நிற்கும். 'ஆம்' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். காலையில் மாற்றி வைத்திருக்கும். எங்களுக்கு இரண்டு இரவு ஆயிற்று.

ஷாட்டுகளைப் போனிலிருந்து போனுக்கு மாற்றும்போது ஒரு விபரீதம் நடக்க இருந்தது. ஒருவன் எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பிவிட்டு அசலை அழிக்கப் போனான். வாட்ஸ்ஆப் வீடியோவைப் பிழிந்து சக்கையாக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும். பக்கத்தில் இருந்தால் குவிக் ஷேர், டேட்டாவும் செலவாகாது.

வண்ணம் திருத்துவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சத்தையும் வெண்மையையும் பூட்டி எடுத்திருந்ததால் திருத்த வேண்டியது குறைவு. இரண்டு போன்களின் பச்சை மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் நெல் வயல் உண்மையான பச்சை, இன்னொன்றில் பெயிண்ட் கடைப் பச்சை. இரண்டாவதை அடக்கினோம்.

ஒருவன் இடையில் இருபது வினாடி சினிமாப் பாட்டு ஒன்றைச் செருகப் பார்த்தான். யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லிவிடும், வீடியோவின் வருமானம் அவர் கைக்குப் போகலாம், அல்லது வீடியோவே முடங்கலாம். வருமானம் எங்கே வரப்போகிறது என்று கேட்டான். கேள்வி சரிதான், ஆனாலும் எடுத்துவிட்டோம். பறைக்காரர் பெயரை முதலில் போட வேண்டும் என்று அக்கா மகள் சொன்னாள். எழுத்தாளர், இயக்குநர், கேமரா என்ற வழக்கமான வரிசைக்கு முன்னால் அவர் பெயர் வருகிறது. கொம்பும் காலும் சரியான இடத்தில்.

செலவுக் கணக்கு: பறைக் கலைஞர்கள் இருவருக்கும் சேர்த்து 3,000. காலர் மைக் 850. ட்ரைபாட் 600. சாப்பாடு, டீ, பஸ் 1,100. மென்பொருள் பூஜ்யம். மொத்தம் 5,550 ரூபாய், ஐந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு 1,110. என் ஸ்கூட்டர் பெட்ரோல் கணக்கில் சேரவில்லை.

என் தீர்ப்பு: பேண்ட்லேப் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம், ஒயர் ஹெட்போன் இருந்தால். ஓப்பன் கேமரா அழகில்லாவிட்டாலும் அதற்கு ஈடாக இலவசத்தில் இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன். விஎன் முதல் வெட்டுக்கு, ஷாட்கட் கடைசி வெட்டுக்கு. ஏஐ பாட்டுச் செயலி இந்த வேலைக்கு வேண்டாம். பதின்மூன்றாயிரம் ரூபாய் போன் தாராளமாகப் போதும், ஷட்டரைக் கையால் வைக்க விடுகிறதா என்று மட்டும் கடையிலேயே ஓப்பன் கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காலர் மைக் வாங்கும்போது உங்கள் போனில் வட்ட ஓட்டை இருக்கிறதா, யூஎஸ்பி சி மட்டும்தானா என்றும் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை, திரும்பக் குறுக்கு ரோட்டுக் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தோம்.